கட்டம் போட்டுக் குடுக்கற தருமம்

தீபாவளி வருதுன்னா முன்னெல்லாம் வூட்டுல ரெண்டே பேச்சுதான். துணி எங்க எடுக்கறது, அதிரசத்துக்கு வெல்லம் எத்தினி கிலோ. இப்ப மூணாவதா ஒண்ணு கெளம்பியிருக்குது நைனா. இந்த வருசம் எங்க தருமம் பண்றதுன்னு குடும்பமே கூடிக் குந்திப் பேசுது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல வேலை செய்யற புருசன், காக்களூர் எஸ்டேட்டுல கணக்குப் பாக்கற பொஞ்சாதி, எட்டாவது படிக்கற புள்ள, போன்ல துபாய்லேர்ந்து ஒரு மச்சான். லேப்டாப்புல கட்டம் போட்டிருக்குது. இந்தாண்ட இல்லத்துப் பேரு, அந்தாண்ட மார்க்கு. அனாதை இல்லத்துக்கு ஏழு. முதியோர் இல்லத்துக்கு ஆறரை. கோசாலைக்கு அஞ்சு. ஏம்பா, இதுங்கல்லாம் எந்தப் பரீட்சை எழுதுச்சுங்க?

நான் சிரிச்சா கோச்சுக்காத. குடுக்கணும்னு தோணுச்சே, அது நல்ல புத்திதான். ஊர்ல பாதிப் பேருக்கு அது கூடத் தோண மாட்டேங்குது. ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அத்தினி மார்க்கு போட்டியே, அவங்கள்ல ஒருத்தருக்காவது போனைப் போட்டு, 'உங்களுக்கு இன்னா வேணும்?'னு கேட்டியா? கேக்கல. மச்சானைக் கேட்ட, யூட்யூப்பைக் கேட்ட, ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரனைக் கேட்ட. வாங்கிக்கறவனை மட்டும் கேக்கல. அவன் வாயில இன்னா கொழுக்கட்டையா இருக்குது?

சரி, அதுக்கு முன்ன வேற ஒரு கணக்கு இருக்குது. அதைத் தீத்துட்டு வா.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்னு சொல்லுவாங்க. கஞ்சனுங்க அதைக் கெட்டியாப் புடிச்சிக்கினானுங்க, மிஞ்சினாத்தானேன்னு. நான் கேக்கறது வேற. நீ குடுக்க வேண்டியதைக் குடுத்தாச்சா? உன் வூட்டுல பாத்திரம் தேய்க்கற அம்மாவுக்கு ஒரு மாசச் சம்பளம் போனஸ் குடுத்தியா, இல்ல ஒரு ஸ்வீட் பாக்ஸும் போன வருசத்துப் பொடவையும் குடுத்து 'எங்க வூட்டுல ஒருத்தி மாதிரி'ன்னு வாயால பந்தல் போட்டியா? வூட்ல ஒருத்தின்னா அவ எங்க சாப்புடறா? உன் டைனிங் டேபிள்லயா?

கம்பெனிப் பக்கம் வா. போனஸ் கொறஞ்சது 8.33 சதவீதம், கூடிப் போனா 20. இது 1965ல போட்ட சட்டத்துக் கணக்கு. சட்டத்துக்குப் பேரு மாறினாலும் கணக்கு மாறல. வருசத்துல 30 நாள் வேலை செஞ்சவனுக்கே உண்டு. காண்ட்ராக்டரு இட்டாந்த ஆளுன்னு சொல்லி அதைத் தட்டிவுட முடியாது. உன் பிளான்ட்டுல எத்தினி பேருக்கு அது கைல போய்ச் சேந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? தெரியாது. ஆனா கோசாலைக்கு எதுக்கு அஞ்சு மார்க்குன்னு அரை மணி நேரம் பேசுவ.

ரோலிங் மில்லுல இரும்பு பில்லெட்டு செவக்கச் செவக்கக் காஞ்சு பாம்பா நெளிஞ்சு ஓடியாரசொல்ல கிட்ட நின்னு பாத்திருக்கியா? நீ எங்க நின்ன. உனக்கு ஏசி ரூம்பு. அங்க இடுக்கியப் புடிச்சிக்கினு நிக்கறவன் பீகாரு, ஒடிசா, ஜார்க்கண்டு. கழுத்துல ஒரு ஈரத் துண்டு, கால்ல தேஞ்சுபோன பூட்டு. ராத்திரிக்கு தகரக் கூரை போட்ட லைன் வூட்டுல எட்டுப் பேரோட படுக்கறவன். அதுல பீகாரு, ஜார்க்கண்டு ஆளுக்கு தீபாவளி முடிஞ்சு ஆறாம் நாளு சட் பூசை. அவன் ஊர்ல அதுதான் பெரிய நோம்பு. ஆத்தாளும் பொஞ்சாதியும் தண்ணி கூடக் குடிக்காம வெரதம் இருந்து, ஆத்துல எறங்கி நின்னு, சாயற சூரியனைக் கும்புடுவாங்க. மறுநா விடியசொல்ல உதிக்கற சூரியனைக் கும்புட்டாத்தான் வாயில தண்ணி. அன்னிக்குப் புள்ள ஊர்ல இல்லன்னா அந்த ஆத்தாளுக்கு எப்பிடி இருக்கும்?

அவன் ஊருக்குப் போற வண்டிங்க நம்ம கும்மிடிப்பூண்டியத் தாண்டித்தான் ஓடுது. ஆனா எதுவும் அவனுக்காக இங்க நிக்காது. லோக்கல் வண்டில சென்ட்ரலுக்குப் போய், முன்பதிவில்லாத பொட்டியில இடிபட்டு, கக்கூஸ் கதவுல சாஞ்சிக்கினு ரெண்டு ராத்திரி போவான். ரிசர்வேசன் 60 நாளைக்கு முன்னயே தொறக்குது. உன் கைல போன் இருக்குது, அதுல ஆப்பு இருக்குது, லீவு லிஸ்ட்டுல கையெழுத்துப் போடற அதிகாரமும் இருக்குது. அந்த ஆளுக்குப் பத்து நாள் லீவை முன்கூட்டியே சொல்லி, ஒரு டிக்கெட்டைப் போட்டுக் குடுத்தா இன்னா? காசு கூட அவன்ட்டயே வாங்கிக்க. ஆனா அதுக்கு யாரும் உனக்கு ரசீது குடுக்க மாட்டான், வரிக் கழிவு கெடைக்காது, நன்றிக் கடிதம் சட்டம் போட்டு வராது. அதான் கட்டத்துல அதுக்கு ஒரு வரி கூட இல்ல.

இல்லத்துக்கே போவலாம்னு வெச்சுக்கோ. பண்டிகை அன்னிக்கு ஒரு தபா போய் ஓரமா நின்னு பாரு. காலைல ஒம்போது மணிக்கு ஒரு குடும்பம் இட்லி வடையோட வரும். பதினொண்ணுக்கு ஒரு கம்பெனிக்காரங்க ஒரே கலரு டி-சர்ட்டு போட்டுக்கினு கேக்கோட வருவாங்க. பன்னெண்டரைக்கு ஒரு அண்டா பிரியாணி. ஒண்ணேகாலுக்கு இன்னொரு அண்டா பிரியாணி. புள்ளைங்க கைய கழுவிக்கினு வந்து குந்தும், எழுந்து போவும், மறுபடி கைய கழுவிக்கினு வந்து குந்தும். ஒரு முதியோர் இல்லத்துல நான் பாத்தேன். ஒரு கெழவி. பல்லு ரெண்டே ரெண்டு. சக்கரை வியாதி. கடைசியா வந்த குடும்பத்துச் சின்னப் பொண்ணு ஒரு ஜாங்கிரிய நீட்டிச்சு. கெழவி ஒரு விள்ளல் விண்டு வாயில போட்டுக்கினு, 'ஷோக்கா இருக்குது கண்ணு'ன்னுச்சு. பொண்ணு அந்தாண்ட போனதும் மீதிய முந்தானையில முடிஞ்சு வெச்சிக்கிச்சு. யாரு யாருக்குத் தருமம் பண்ணாங்கன்னு எனக்கு இன்னும் வெளங்கல.

நாலு நாள் கழிச்சுப் போ. வாசல்ல ஈ காக்கா இருக்காது. சமையக்கட்டுல ரசமும் அப்பளமும். இல்லம் நடத்தறவரு கரண்ட் பில்லைக் கைல வெச்சிக்கினு குந்தியிருப்பாரு. அவர்ட்ட கேளு. பெருசுங்களுக்கு டயாபரு வேணும்பாரு. வயசுக்கு வந்த பொண்ணுங்களுக்கு நாப்கின் வேணும்பாரு. ரத்தக் கொதிப்பு மாத்திர, கேஸு சிலிண்டரு, ராத்திரி நர்ஸம்மா சம்பளம். போர்வெல் மோட்டாரு காயில் போயிடுச்சும்பாரு. மோட்டாரு காயில் கட்டிக் குடுத்தா போட்டோவுல இன்னா தெரியும்? ஒண்ணும் தெரியாது. தண்ணி வரும், அவ்ளோதான்.

போட்டோன்னதும் ஞாபகம் வருது. இல்லத்துப் புள்ளைங்களோட நின்னு செல்பி எடுத்து ஸ்டேட்டஸ்ல போடறியே, அது சட்டப்படி எங்க கொண்டு போய் வுடும்னு தெரியுமா? 2015ல வந்த சிறார் நீதிச் சட்டம் இருக்குது. பாதுகாப்புக்குன்னு இல்லத்துல இருக்கற புள்ளைய இன்னாருன்னு அடையாளம் காட்டற மாதிரி படம் வெளியிடக் கூடாதுங்குது. மீறினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். சட்டத்தை வுடு. நாளைக்கு அந்தப் பையன் உன் பிளான்ட்டுக்கே வேலைக்கு வந்து சேந்தான்னு வையி. கேன்டீன்ல ஒருத்தன் போன எடுத்து, 'டேய், இது நீதான? கேக்குக்குக் கைய நீட்டிக்கினு நிக்கற'ன்னு காட்டினா? உன் புள்ளைக்கு அப்பிடி ஒரு படத்தை ஊரு பூரா ஒட்டுவியா?

விசாரிக்காமலும் குடுக்காத. பாத்திரம் அறிஞ்சு பிச்ச போடுன்னு சும்மாவா சொன்னாங்க? நாங்க உழவுமாடு வாங்கப் போனா பல்லைப் புடிச்சுப் பாப்போம், சுழி பாப்போம், சேத்துல எறக்கி நடக்க வுட்டுப் பாப்போம். நீ அம்பதாயிரத்தை அனுப்பசொல்ல வெப்சைட்டுல சிரிக்கற புள்ள மூஞ்சிய மட்டும் பாக்கற. அந்தப் புள்ள எந்த ஊர்ப் புள்ளையோ, படத்தை எங்க எடுத்தானோ. புள்ளைங்க இல்லம்னா சிறார் நீதிச் சட்டத்துக்குக் கீழ பதிவு இருக்குதான்னு கேளு. டிரஸ்ட்டுன்னா பதிவுப் பத்திரம் கேளு, போன வருசத்து வரவு செலவு கேளு. நல்லவன் எடுத்துக் காட்டுவான். காட்டாம 'நம்பிக்கை இல்லையா சார்?'ன்னு எவன் கண்ணுல தண்ணி வுடறானோ, அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடு. வரிச் சலுகை வேணும்னா நோட்டாக் குடுக்காத. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா வரிக் கழிவு கெடையாது. பழைய வரிக் கணக்குல இருக்கறவனுக்குத்தான் அந்தப் பேச்சே. புதுசுக்கு மாறிட்டவன் சும்மா புண்ணியத்துக்குக் குடுக்க வேண்டியதுதான், பாவம்.

குடுத்ததைக் கூட இருந்து பாக்கலன்னா இன்னா ஆவுங்கறதுக்கு, பெரியபாளையத்துல பொறந்த ஒருத்தரு கதை இருக்குது. ஆடி ஞாயித்துக்கெழம வேப்பிலையக் கட்டிக்கினு பவானியம்மனுக்கு ஓடறீங்களே, அதே பெரியபாளையந்தான். 1754ல அங்க ஒரு புள்ள பொறந்துச்சு. அப்பன் மூஞ்சியப் பாக்காத புள்ள. ஆத்தாகாரி கைல தம்பிடி இல்ல. பட்டணத்துல நாராயண பிள்ளைன்னு ஒரு துபாஷி அதுக்கு ஆதரவு குடுத்தாரு. வெள்ளக்காரனுக்கும் நம்ம சனத்துக்கும் நடுவுல நின்னு பேரம் பேசி முடிக்கறவருதான் துபாஷி. அவர்ட்ட தொழிலைக் கத்துக்கினு அந்தப் புள்ளையும் துபாஷியாச்சு. வராகன் வராகனா சேந்துச்சு. அவருதான் பச்சையப்ப முதலியாரு.

1794ல, 40 வயசுல, திருவையாத்துல அவரு உசிரு போச்சு. போறதுக்கு முன்ன, லட்சம் வராகனுக்கு மேல, கோயில் கைங்கரியத்துக்கும் தருமத்துக்கும்னு உயில் எழுதிட்டாரு. எம்மாம் பெரிய மனசு! அப்புறம் இன்னா ஆச்சுன்னு நெனைக்கற? பாத்துக்கோன்னு ஒப்படைச்ச கையிலயே பணம் சிக்கிக்கிச்சு. ஆளுக்கொரு பக்கம் இழுத்தாங்க. கோர்ட்டு, வாய்தா, வழக்கு. கடேசில ஜார்ஜ் நார்ட்டன்னு ஒரு வெள்ளக்கார அட்வகேட் ஜெனரலு புடிச்ச புடிய வுடாம நின்னு, அந்தப் பணத்தை ஒரு ஒழுங்குக்குக் கொண்டாந்தாரு. கோயிலுக்குன்னு எழுதினதைக் கோயிலுக்கு ஒதுக்கினாங்க. கேக்க ஆளில்லாம கெடந்து வட்டியில வளந்ததை ஏழைப் புள்ளைங்க படிப்புக்குத் திருப்பினாங்க. 1842ல பட்டணத்துல பள்ளிக்கூடம் தொறந்துச்சு. கூட்டிப் பாரு. உயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல 48 வருசம். ஒரு தலைமுற மண்ணுக்குள்ள போயிடுச்சு.

1889ல அது காலேஜாச்சு. அண்ணாதுரை படிச்சாரு. கணக்குல உலகத்தையே அசத்துன ராமானுஜனும் அங்கதான் படிச்சாரு. பாஸாவலங்கறது வேற கதை. நல்லதாத்தான் முடிஞ்சுது, இல்லன்னு சொல்லல. ஆனா குடுத்த மனுசன் ஒரு புள்ள சிலேட்டைப் புடிச்சதைக் கூடப் பாக்கல. அவருக்காவது சாவு அவசரப்படுத்துச்சு. உனக்கு இன்னா கேடு? கண்ணு முழிச்சிக்கினு இருக்கசொல்லயே குடு. குடுத்துட்டு, போன எடம் வரைக்கும் கால் கடுக்க நடந்து போய்ப் பாரு. நம்ம ஊரு தொழிற்பேட்டைல பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதம் ஊருக்குச் செலவு பண்ணணும்னு 2014லேர்ந்து சட்டமே இருக்குது. பண்றாங்க. கல்வெட்டு மேல அம்மாம் பெருசாப் பேரு. கீழ இருக்கற குடிதண்ணி மெசினுல தண்ணி வருதான்னு யாராவது குனிஞ்சு பாக்கறாங்களா?

அப்புறம் இந்தப் பழந்துணிப் பைத்தியம். நோம்புக்கு வூட்டைச் சுத்தம் பண்ணுவீங்க. பீரோவுல போடாத துணி மூட்டையாச் சேரும். ஒடனே யாருக்காவது குடுக்கணும்னு நெஞ்சு உருகும். அது தருமமா, குப்பைய எடுத்துப் போட ஆளு தேடறதா? 2004ல சுனாமி வந்துச்சு. நாகப்பட்டினத்துல லாரி லாரியாப் பழந்துணி வந்து ரோட்டோரம் கொட்டிக் கெடந்துச்சு. கடலுக்கு எல்லாத்தையும் பறிகுடுத்த மீனவன் கூட அதைத் தொடல. 2015 வெள்ளத்துலயும் அதே கூத்து. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் பொயலு அடிச்சசொல்ல இந்தப் பக்கம் ஏரியா ஏரியாவாத் தண்ணி. அவங்களுக்குத் தேவைப்பட்டது பாய், போர்வை, கொசுவத்தி, உள்பாவாட, புள்ளைங்களுக்குப் பால் பவுடரு. கல்யாணத்துக்கு எடுத்த ஜரிகைச் சட்டையும் ஜீன்ஸும் இல்ல. நீ போட்டுக்கினு வெளில போவ வெக்கப்படற துணிய அடுத்தவனுக்கு நீட்டாத. தொவச்சு, பட்டன் தெச்சு, இஸ்திரி போட்டு எடுத்துக்கினு போ. அப்பத் தெரியும் அந்த மூட்டையில எத்தினி தேறும்னு.

குடுக்கறதுக்கு மீட்டிங்கு வேணுமாங்கறதுக்கு நம்ம கவரப்பேட்டையவே பாரேன். 2024 அக்டோபர் 11. ஆயுத பூசை. எல்லா வூட்டுலயும் பொரி, சுண்டல், வண்டிக்கு மாலை, ரோட்டுல ஒடச்ச பூசணிக்கா. ராத்திரி எட்டரை மணிக்கு மைசூருலேர்ந்து தர்பங்கா போற பாக்மதி எக்ஸ்பிரஸு லூப் லைன்ல பூந்து, நின்னுக்கினு இருந்த சரக்கு வண்டி மேல மோதிடுச்சு. பொட்டிங்க கவுந்துச்சு, தீ கூடப் புடிச்சுது. தெய்வ புண்ணியம், ஒரு உசிரு போவல. பத்தொம்பது பேருக்கு அடி. சத்தம் கேட்டதும் சுத்துப்பட்டுச் சனங்க ஓடினாங்க. வண்டியில இருந்ததுல நெறைய பேரு பீகாரிங்க. ஒருத்தன் பேசறது ஒருத்தனுக்குப் புரியல. அப்புறம் கல்யாண மண்டபங்களத் தொறந்து வுட்டு, சோறு தண்ணி குடுத்து, பஸ்ஸுல ஏத்தி, விடியறதுக்குள்ள சென்ட்ரல்லேர்ந்து வேற வண்டி புடிச்சு அனுப்பினாங்க. சர்க்காரும் செஞ்சுது, சனமும் செஞ்சுது. இருட்டுல தடுமாறி எறங்கறவனைக் கைப்புடிச்சு எறக்கசொல்ல எவனும் கட்டம் போடல, மார்க்கு போடல. வாட்ஸப்புல ஓட்டு கூட எடுக்கல.

மறுநாளு அதே சனத்துல நாலு பேரு, இங்க வேலை செய்யற பீகார்க்காரன் டீக்கடையில எடம் புடிச்சிக்கினு குந்திட்டான்னு மூஞ்சியச் சுளிச்சாங்க. அதையும் சொல்லணும்ல. மனுசன் அப்பிடித்தான்.

செவ்வாக்கெழம சிறுவாபுரிப் பக்கம் போயிருக்கியா? ஆறு வாரம் வந்து முருகனைக் கும்புட்டா சொந்த வூடு அமையும்னு சனம் தச்சூர் கூட்ரோட்டுலேர்ந்தே நெரியும். அதுல இப்ப வேண்டுதலோட வேண்டுதலா அன்னதானம். எனக்கு அன்னதானம்னா ரொம்ப இஷ்டம், தப்பா நெனைக்காத. பசிச்சவன் வயித்துல சோறு போறதுக்கு மேல ஒண்ணு இல்ல. ஆனா அந்த ரோட்டுல பசிச்சவன் யாரு? காருல வந்தவன் மொத பந்தல்ல பொங்கலு, அடுத்ததுல தயிர்சாதம், அதுக்கடுத்ததுல மோரு, அப்புறம் சுண்டல்னு வாங்கிக்கினு போறான். நாலாவது பந்தலுக்கு வந்ததும் ஒரு வாயி எடுத்துட்டு தட்டைப் புதர்ல வீசறான். சாயங்காலம் பாத்தா வயக்காடு பூரா பாக்குமட்டத் தட்டும் தண்ணி பாக்கெட்டும். அதைப் பொறுக்கறதுக்கு வர்ற இருளர் வூட்டுப் பொம்பளைக்கு எவனாவது ஒரு பொட்டலம் தனியா எடுத்து வெச்சானா? பந்தலுக்கு மேல பேனரு மட்டும் பதினஞ்சு அடி. சோத்துக் குண்டானு அதுல கால்வாசி கூட இல்ல. குடும்பத்துல கைக்கொழந்த வரைக்கும் பேனர்ல சிரிக்குது.

இருளருன்னதும் சொல்றேன். இந்தச் சுத்துவட்டாரத்துல செங்கல் சூளையிலயும், செங்குன்றம் பக்கம் அரிசி ஆலையிலயும், அட்வான்ஸுன்னு சில ஆயிரத்தை வாங்கிட்டு வருசக்கணக்கா வெளில வர முடியாம கெடந்த குடும்பங்க எத்தினி. கொத்தடிம ஒழிப்புச் சட்டம் 1976ல வந்தாச்சு. அதுக்கப்புறமும் அதிகாரிங்க போய் மீட்டுக்கினேதான் இருந்தாங்க. உன் காக்களூர் வூட்டுச் செங்கலு எந்தச் சூளையிலேர்ந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. கட்டின மேஸ்திரியும் கேக்கல.

அதுல ஒரு நல்ல சேதி இருக்குது. மெய்யூர்ப் பக்கம், கொத்தடிமையா இருந்து மீண்ட இருளர் குடும்பங்களே மொதலாளியா இருந்து நடத்தறதுக்கு மாவட்ட நிர்வாகம் ஒரு சூளைய ஏற்பாடு பண்ணிக் குடுத்துச்சு. சிறகுகள்னு பேரு. வேற எவனுக்கோ கல்லறுத்தவன் தனக்கே கல்லறுத்தான். உன் மச்சான் துபாய்க் காசுல மாடி எழுப்பறானே, ஒரு லோடு கல்லை இந்த மாதிரி எடத்துல கேட்டு வாங்கச் சொல்லு. வெல குடுத்து வாங்கு. கொறைக்கச் சொல்லி மல்லுக்கு நிக்காத. அது தருமமில்ல, யாவாரம். வாங்கறவனும் தலை நிமிந்து நிப்பான், விக்கறவனும் நிமிந்து நிப்பான். நன்றி சொல்லணுங்கற தொல்ல ரெண்டு பேருக்கும் இல்ல.

காசே வேணாம், நேரம் இருக்குதுன்னு சொல்றியா? அதுக்கும் எடம் இருக்குது. இருளர் புள்ளைக்குப் பழங்குடிச் சாதிச் சான்று வேணும். அதைத் தாசில்தாரு குடுக்க முடியாது. வருவாய்க் கோட்டம் பாக்கற அதிகாரிதான் குடுக்கணும். கும்மிடிப்பூண்டி ஆளுன்னா பொன்னேரிக்குப் போவணும். ஒரு நாள் கூலி போச்சு. போனா பேப்பரு ஒண்ணு கொறையும். மறுபடி ஒரு நாள் கூலி போச்சு. பேன்ட்டு போட்ட நீ ஒரு தபா கூடப் போய் நின்னு, 'சார், இன்னா கொறையுதுன்னு ஒரே தடவையா எழுதிக் குடுங்க'ன்னு கேளு. உன் இங்கிலீசுக்கு அங்க ஒரு மருவாதி இருக்குது பாரு, அதைக் கொஞ்சம் கடன் குடு. அந்தச் சான்று வந்தா புள்ள மேல படிக்கும், ஸ்காலர்ஷிப்பு வரும். லட்ச ரூவா செக்கு செய்யாததை உன் ஒரு நாள் கேஷுவல் லீவு செய்யும்.

கும்மிடிப்பூண்டியில இலங்கைத் தமிழருங்க முகாம் இருக்குதே, 1990லேர்ந்து. அங்கயும் பொங்கலுக்குப் பொங்கலு அரிசி வெல்லத்தோட போய் எறங்கறீங்க. அங்க பொறந்த புள்ளைங்க டிகிரி முடிச்சுட்டுக் குந்தியிருக்குது நைனா. உன் கம்பெனி எச்.ஆர்.கிட்ட ஒரு வார்த்த கேளேன், வேலைக்கு எடுப்பாங்களான்னு. வெல்லம் பொங்கப் பானையோட முடிஞ்சிடும்.

புள்ளைய இந்தப் பஞ்சாயத்துல சேக்கறது நல்லதுதான். ஆனா லேப்டாப்புக்கு முன்ன குந்த வெச்சு 'எந்த இல்லம் உனக்குப் புடிச்சிருக்குது கண்ணா?'ன்னு கேக்காத. உன் காசை எடுத்து அவன் கைல குடுத்து, அவன் கையால இன்னொருத்தனுக்குக் குடுக்க வெச்சா அவனுக்கு இன்னா வலிக்கும்? ஊரான் வூட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. பட்டாசுக்குன்னு ஒதுக்கின காசை அவன்ட்டயே குடு. 'இதுல எவ்ளோ வெடிக்கற, எவ்ளோ குடுக்கற, யாருக்குக் குடுக்கற, நீயே சொல்லு'ன்னு வுட்டுடு. அவன் முழுசையும் வெடிச்சாலும் திட்டாத. அடுத்த வருசம் பாரு. ஸ்கூல் வேன் ஓட்டறவரு பேரன் பேரு உனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். எந்தப் புள்ள நாஷ்டா துன்னாம வந்து காலைச் சாப்பாட்டுக்குக் காத்துக்கினு நிக்குதுன்னு, சர்க்காரு பள்ளிக்கூடத்துல படிக்கற உன் வேலைக்காரம்மா மவனுக்குத் தெரியும். அவங்க ரெண்டு பேரையும் கேட்டா உன் கட்டத்துல பாதி ரொம்பிடும்.

மாசா மாசம் மியூச்சுவல் பண்டுக்குத் தானா பணம் போவுதில்ல? அதே மாதிரி ஐநூறோ ஆயிரமோ, தெரிஞ்ச ஒரு எடத்துக்குப் போவட்டும். நோம்பு இல்லாத மாசத்துலயும் போவட்டும், மழை பேஞ்சு லைன் வூடெல்லாம் ஒழுவற கார்த்திகையிலயும் போவட்டும். இல்லம் நடத்தறவருக்கு, இத்தினாந் தேதிக்கு இத்தினி ரூவா வரும்னு தெரிஞ்சாலே அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரும். தீபாவளி அன்னிக்கு நீ வூட்ல குந்தி உன் புள்ளையோட மத்தாப்பு கொளுத்து. அவங்களையும் கொஞ்சம் நிம்மதியா இருக்க வுடு. அன்னிக்கு அவங்க வூட்லயும் நோம்புதான்.

அப்பறம் ஒரு விசயம். இத்தினிக்கு அப்பறமும் கேக்காம, இந்த வருசமும் சிறுவாபுரி ரோட்டுல பந்தலு போடத்தான் போறேன்னு நீ அடம்புடிச்சா, போடு. நான் தடுக்கல. ஆனா முடிஞ்சதும் அந்த பதினஞ்சு அடி பேனரைக் கிழிச்சுப் போட்டுடாத நைனா, பத்திரமாச் சுருட்டி எடுத்தா. ஐப்பசி மழைக்கு என் மாட்டுக் கொட்டா ஒழுவுது. உங்க குடும்பத்து மூஞ்சிங்க உள்பக்கமா இருக்கற மாதிரி கட்டிக்கறேன், மாடுங்களாவது பாத்துக்கினு இருக்கட்டும்.